பொழுதுபட்டால் தொடங்கும் அழுகை: உங்கள் வீட்டில் என்ன செய்தீர்கள்?

விசுவமடுவிலிருந்து:

மகனுக்கு இப்போது 4 மாதம். பிறந்து மூன்றாம் கிழமையில் தொடங்கியது. விளக்கு வைக்கும் நேரம் வந்தால் போதும், காலை வயிற்றோடு மடக்கி, கையைப் பொத்தி, முகம் சிவக்க வீரிட்டு அழுவான். பால் கொடுத்தாலும் குடிக்க மாட்டான். ஒன்பது மணி தாண்டித்தான் ஓயும். பகலில் பார்த்தால் இந்தப் பிள்ளையா அப்படி அழுதது என்றிருக்கும்.

அம்மம்மா செமியாக்குணம் என்றார். மாமி நாவூறு என்று செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றிப் போட்டார். அப்புறம் வசம்பைச் சுட்டுத் தேனில் உரைத்து நாக்கில் தடவலாம் என்றார். உரைகல்லைக் கழுவி வைத்தாயிற்று. நல்ல வேளை, அன்றைக்குக் குடும்பநல மிஸ் (எங்கள் பகுதி மருத்துவமாது) வீட்டுக்கு வந்தார்.

ஒரு வயது ஆகும் வரை தேன் நாக்கில் படவே கூடாதாம். தேனில் சிலவேளை இருக்கும் ஒரு கிருமியின் வித்து சிறு பிள்ளையின் குடலுக்குள் முளைத்து நஞ்சு உண்டாக்கும், தசைகள் தளர்ந்து மூச்சுக்கூடத் தடைப்படலாம் என்றார். காய்ச்சினாலும் அந்த வித்து சாகாது. வசம்பால் வாந்தியும் வலிப்பும் வந்த பிள்ளைகளும் உண்டு. மாமிக்கு மனம் நொந்துவிட்டது. "நான் நாலு பிள்ளை வளர்த்தனான்" என்றார். மிஸ் அவர் கையைப் பிடித்து, "அம்மா, உங்கட கைவைத்தியம் வேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை. வாய்க்குள்ள தாய்ப்பால் மட்டும். மற்றதெல்லாம் வெளியில செய்யுங்கோ" என்றார்.

அந்த ஒரு சொல்லில் வீடு அமைதியானது. மாமியின் கைக்கு ஈடில்லை. தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி, தொப்புளைச் சுற்றி மணிக்கூட்டு முள் போகும் பக்கமாக மெல்லத் தடவுவார். பால் குடித்த கையோடு செய்ய மாட்டார். பிறகு இரண்டு காலையும் சைக்கிள் மிதிப்பதுபோல ஆட்டுவார், காற்றுப் பிரியும். நான் பால் கொடுத்ததும் தோளில் போட்டு, ஏவறை விடும்வரை முதுகைத் தட்டுவேன். அழுகை கூடினால் கணவர் அவனைத் தன் முன்னங்கையில் குப்புறத் தாங்கிக்கொண்டு முற்றத்தில் நடப்பார். பக்கத்துத் தோட்டத்தில் தண்ணீர் இறைக்கும் மோட்டர் ஓடினால் அந்த இரைச்சலுக்கே அடங்கிவிடுவான்!

இந்த அழுகை ஆறாவது கிழமையளவில் உச்சத்துக்குப் போய், 3, 4 மாதத்தில் தானாகக் குறையும் என்று கிளினிக் டொக்டர் சொன்னார். அப்படியே நடந்தது. ஆனால் அந்த ஆறாவது கிழமையில் ஓரிரவு என் கை நடுங்கத் தொடங்கியது. பிள்ளையை மல்லாக்கப் பாயில் கிடத்திவிட்டுக் கிணற்றடியில் ஐந்து நிமிடம் நின்றேன். தாய்மாரே, அப்படிச் செய்வது பிழையில்லை. கோபத்தில் ஒருமுறை குலுக்கினாலே பிஞ்சு மூளைக்குள் இரத்தம் கசியலாம்.

மல்லாவியிலிருந்து, ஒரு அம்மம்மா:

1996 இல் போரால் கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்து இங்கே வந்தபோது என் கடைசி மகளுக்கு ஒன்றரை மாதம். பொருளாதாரத் தடைக்காலம், கிரைப் வாட்டருக்கு எங்கே போவது? மண்ணெண்ணெய்யும் அரிதென்பதால் ஜாம் போத்தல் விளக்கை அணைத்துவிட்டு, இருட்டில் நெஞ்சோடு அணைத்து நடப்பேன். ஓமம் அவித்த தண்ணீரை நான்தான் குடித்தேன், அவளுக்குக் கொடுக்கவில்லை. அது கேட்டதா, காலம் கேட்டதா என்று தெரியாது. என் நெஞ்சுச் சூட்டுக்கு அவள் அடங்கினாள், அது தெரியும். வெற்றிலையை வாட்டி வயிற்றில் போடுபவர்கள் முதலில் தங்கள் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். பிஞ்சுத் தோல் சட்டென்று வெந்துவிடும்.

மாங்குளத்திலிருந்து:

எங்கள் பிள்ளை இரண்டரை மாதத்தில் ஒருநாள் மத்தியானத்திலேயே கத்தத் தொடங்கினாள். வழமையான நேரமும் இல்லை, வழமையான அழுகையும் இல்லை. வயிற்றுக்குத்து என்று இரண்டு மணி நேரம் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தோம். மேல் கழுவக் காலுறையைக் கழற்றினால் ஒரு கால்விரல் வீங்கிக் கருஞ்சிவப்பாக இருக்கிறது. என் தலைமயிர் ஒன்று இறுகச் சுற்றியிருந்தது. பிள்ளை பெற்ற பிறகு எனக்குக் கொத்துக் கொத்தாக முடி கொட்டிய காலம் அது. ஆஸ்பத்திரியில் அதை வெட்டி எடுத்த கையோடு பால் குடித்துத் தூங்கிவிட்டாள். காய்ச்சல், பச்சையாக வாந்தி, மலத்தில் இரத்தம் இருந்தாலும் உடனே கொண்டு வரச் சொன்னார்கள். இப்போது அவள் அழுதால் முதலில் கால்விரல் பத்தையும் விரித்துப் பார்த்துவிட்டுத்தான் எண்ணெய்ப் போத்தலைத் தொடுகிறேன்.