பெடல் ஸ்டீல் பயிற்சிக்கு பேக்கிங் டிராக் எங்கே கிடைக்கும்? (அவசரம்)

புதுக்கம்பி:
வணக்கம். பெடல் ஸ்டீல் கிட்டார் பயிற்சிக்கு நல்ல பேக்கிங் டிராக் (கூடவே வாசித்துப் பழகப் பின்னணி இசை) எங்கே கிடைக்கும்? தேடினால் வருவதெல்லாம் சாதா கிட்டார்காரர்களுக்கானது. கிடைத்த ஒன்றும் என் வாசிப்போடு சேரவே இல்லை. சனிக்கிழமை முதல்முறையாக ஒரு குழுவோடு உட்கார வேண்டும். சீக்கிரம் சொல்லுங்கள்.

மெதுநடை:
கம்பிகளைக் கட்டியிருப்பது ஈ9 முறையிலா, சி6 முறையிலா? என்ன மாதிரிப் பாட்டு? சேரவில்லை என்றால் எது சேரவில்லை: தாளமா, கார்டா, சுருதியா?

மடிக்கிட்டார்:
மடியில் வைத்து இரும்பால் தேய்ப்பதுதானே? அதற்கு டிராக் எல்லாம் வேண்டாம். ஒரே சுரத்தில் ஓடும் ட்ரோன் போதும். நான் அப்படித்தான் கற்றேன்.

எட்டாம்கம்பி:
அது லாப் ஸ்டீல். இவர் கேட்பது கால் பெடலும் முழங்கால் லிவரும் உள்ள வாத்தியம். தம்பி, இந்தக் கேள்வி இங்கே மாதம் ஒருமுறை வருகிறது. பழைய இழைகளைப் படித்துவிட்டுக் கேட்டால் எல்லோருக்கும் நேரம் மிச்சம். என்னைக் கேட்டால் மெட்ரோனோம் போதும். அதோடு வாசிக்கத் தெரியாதவர் குழுவோடு வாசித்து என்ன ஆகப்போகிறது?

ஒன்றுநாலைந்து:
மேலே உள்ளவரை விடுங்கள், அவர் எல்லோரிடமும் அப்படித்தான். கணினி இருந்தால் பேண்ட்-இன்-எ-பாக்ஸ் என்ற மென்பொருளைப் பாருங்கள். கார்டுகளைத் தட்டினால் நிஜக் கலைஞர்கள் வாசித்துப் பதிந்த துண்டுகளைக் கோத்து டிரம்ஸ், பேஸ், பியானோ எல்லாம் தந்துவிடும். அதில் பெடல் ஸ்டீலும் இருக்கிறது. முதலில் அதைக் கேளுங்கள், அப்புறம் அதை மட்டும் ஊமையாக்கிவிட்டு அந்த இடத்தில் நீங்கள் உட்காருங்கள். கைப்பேசி மட்டும்தான் என்றால் ஐரியல் ப்ரோ செயலி. சத்தம் கொஞ்சம் பொம்மை மாதிரி இருக்கும், ஆனால் கீயும் டெம்போவும் நொடியில் மாறும். கீயின் முதல், நாலாம், ஐந்தாம் கார்டு என்பதை 1-4-5 என்று எண்ணாகவே நினைத்துப் பழகுங்கள். நாஷ்வில் ஸ்டூடியோக்களில் அப்படித்தான் எழுதி வைத்து வாசிப்பார்கள். பாடகர் கடைசி நிமிடத்தில் கீயை மாற்றினாலும் தாளைத் திருத்த வேண்டியதில்லை.

பிரித்தெடு:
காசு எதற்கு? பிடித்த பாட்டை எடுத்து ஸ்ப்ளீட்டர் அல்லது டெமூக்ஸ் மென்பொருளில் போட்டால் குரல், டிரம்ஸ், பேஸ், மற்றவை என்று நான்காகப் பிரித்துவிடும். ஸ்டீல் விழுவது அந்த "மற்றவை"யில்தான். கூடவே கிட்டார், ஃபிடில் எல்லாமும் போய்விடும், அது ஒரு தொல்லை. ஆனால் குரல், டிரம்ஸ், பேஸ் மூன்றும் மிஞ்சினால் பயிற்சிக்குத் தாராளம். இன்னொரு வழி: பழைய ஸ்டீரியோ பதிவுகள் சிலவற்றில் ஸ்டீல் ஒரே பக்கமாக ஒதுங்கியிருக்கும். அந்தப் பக்கத்தை அடைத்துவிட்டால் வேலை முடிந்தது.

இடைவெளி:
மேலே சொன்னதில் குரலை வைத்துக்கொண்டதுதான் முக்கியம். எல்லோரும் குரல் இல்லாத டிராக்கைத்தான் தேடுகிறார்கள். பாட்டில் ஸ்டீலின் பாதி வேலை, பாடகர் மூச்சு விடும் இடத்தில் இரண்டு சுரம் சொல்லிவிட்டு விலகுவது. பாடுபவரே இல்லாத டிராக்கில் நாலு நிமிடமும் நாமே பேசிக்கொண்டிருப்போம். அதே பழக்கத்தோடு குழுவில் போய் உட்கார்ந்தால் பாடகர் முறைப்பார். எனக்கு நடந்தது.

புதுக்கம்பி:
மன்னிக்கவும், வேலையில் இருந்தேன். ஈ9. மூன்று பெடல், நான்கு லிவர். மெதுவான கன்ட்ரி பாட்டுகள். கணினிதான். டிராக் ஜி-யில் என்று போட்டிருக்கிறது, ஆனால் ஜி இருக்க வேண்டிய மூன்றாம் ஃப்ரெட்டில் சம்பந்தமே இல்லை. தடவித் தடவிப் பார்த்தால் பதினொன்றில் கிட்டே வருகிறது. அங்கேயும் உரசுகிறது. சுருதி பார்க்கும் ட்யூனரில் பத்துக் கம்பியும் பச்சை, அதாவது சரி.

எட்டாம்கம்பி:
பத்தும் பச்சை என்பதுதான் கோளாறே. பெடல் ஸ்டீலை ட்யூனர் சொன்னபடி கட்டினால் கார்டுக்குள்ளேயே சண்டை வரும். மூன்றாம் கம்பியும் ஆறாம் கம்பியும் ஜி ஷார்ப், ஈ-க்குக் காந்தாரம். அது சுத்தமாக ஒலிக்க வேண்டுமானால் பியானோ சுருதியிலிருந்து ஏறக்குறைய 14 செண்ட் (ஒரு அரைச்சுரத்துக்கு நூறு செண்ட்) கீழே இருக்க வேண்டும். காதால் கட்டுங்கள், சுரங்கள் உரசும் அதிர்வு நிற்கும் வரை.

ஒன்றுநாலைந்து:
கட்டிவிட்டுப் பியானோவோடு வாசித்துப் பாருங்கள் ஐயா. டிராக்கில் உள்ள பியானோ உங்கள் காதுக்காகக் காந்தாரத்தை இறக்கிக்கொள்ளாது.

எட்டாம்கம்பி:
அதற்குத்தான் ஈ-யை ட்யூனரின் வழக்கமான 440 அளவுகோலுக்குச் சற்று மேலே வைத்துக்கொள்கிறார்கள். காந்தாரம் கொஞ்சம் தாழ்ந்தாலும் மொத்தத்தில் பியானோவுக்குப் பக்கத்திலேயே நிற்கும். தெரியாமல் பேச வேண்டாம்.

ஒன்றுநாலைந்து:
பெடலை மிதித்ததும் வாத்தியத்தின் பெட்டி வளைந்து மற்றக் கம்பிகள் சில செண்ட் இறங்குகின்றனவே, அதையும் காதால் நிறுத்திவிடுவீர்களா?

எட்டாம்கம்பி:
நல்ல வாத்தியம் வாங்குங்கள்.

மெதுநடை:
இருவரும் தனி இழை தொடங்குங்கள். புதுக்கம்பி, டிராக்கை மெதுவாக்கினீர்களா?

புதுக்கம்பி:
ஆமாம், வேகம் அதிகமாக இருந்ததால் ஆடாசிட்டி மென்பொருளில் ஸ்பீடை 80 சதவீதம் ஆக்கினேன். சொல்லவில்லையா?

மெதுநடை:
சொல்லவில்லை! அங்கே ஸ்பீட் வேறு, டெம்போ வேறு. ஸ்பீடைக் குறைத்தால் இசைத்தட்டைக் கையால் தடுப்பது போல சுருதியும் சேர்ந்து இறங்கும். டெம்போவைக் குறைத்தால் சுருதி அப்படியே இருக்கும். மூலக் கோப்பைத் திறந்து டெம்போவில் 20 சதவீதம் குறையுங்கள். ரொம்ப இழுத்தால் டிரம்ஸ் நசநசவென்று ஆகும், 20 பரவாயில்லை.

பிரித்தெடு:
அட, 80 சதவீதம் என்றால் ஐந்துக்கு நாலு. சுருதி 386 செண்ட் இறங்கியிருக்கும். ஜி-யிலிருந்து நாலு அரைச்சுரம் இறங்கினால் ஈ ஃப்ளாட், அதுதான் இவருடைய பதினொன்றாம் ஃப்ரெட். ஆனால் நாலு அரைச்சுரம் முழுசாக 400 செண்ட். டிராக் 14 செண்ட் மேலே நின்றுவிட்டது, ஒரு ஃப்ரெட்டில் ஏழில் ஒரு பங்கு. உரசாமல் என்ன செய்யும்?

எட்டாம்கம்பி:
14. நான் என்ன சொன்னேன்?

ஒன்றுநாலைந்து:
அது வேறு 14.

பிரித்தெடு:
இல்லை, அதே 14தான். ஐந்துக்கு நாலு என்பதே சுத்தக் காந்தாரத்தின் விகிதம். அவர் தெரியாமலே டிராக்கை ஒரு சுத்தக் காந்தாரம் இறக்கி வைத்திருக்கிறார்.

எட்டாம்கம்பி:
பதினொன்றாம் ஃப்ரெட் கோட்டைக் கண்ணால் பார்க்காமல் காதை நம்பி கையிலுள்ள இரும்புப் பாரை நூலளவு மேலே தள்ளியிருந்தால் அப்போதே சேர்ந்திருக்கும். அதைத்தான் நான் முதலிலிருந்து சொல்கிறேன்.

ஒன்றுநாலைந்து:
முதலில் சொன்னது மெட்ரோனோம் போதும் என்று.

புதுக்கம்பி:
டெம்போவில் மாற்றினேன். மூன்றாம் ஃப்ரெட்டில் அப்படியே உட்கார்ந்தது. நன்றி.

மடிக்கிட்டார்:
ட்ரோன் வைத்திருந்தால் இந்தப் பிரச்சினையே வந்திருக்காது.

இடைவெளி:
சனிக்கிழமை என்ன ஆனது? பாடகர் முறைத்தாரா?

இடைவெளி:
புதுக்கம்பி?