கெம்பஸ் ஜாஸ் இரவுகள்: போனவர்கள் எழுதுங்கள், என்னுடையதை முதலில் சொல்கிறேன்

புசல்லாவைக்காரன்:

ஜாஸ் என்றால் என்னவென்று தெரியாமலேயே நாலு ஜாஸ் கச்சேரி பார்த்தவன் நான். கண்டிப் பக்கம் படித்த காலத்தில் எங்கள் கெம்பஸில் வருடத்துக்கு மூன்று தடவை வைப்பார்கள். மாசியில் ஒன்று, பெரஹரா ஊர்வலம் முடிந்து ஊர் ஓய்ந்த பிறகு ஒன்று, டிசம்பர் லீவுக்கு முந்தி ஒன்று. கொழும்பிலிருந்து வேனில் ஐந்தாறு பேர் வருவார்கள், டிக்கெட் கிடையாது, இடைவேளையில் பிளேன்டீயும் ரோல்ஸும் உண்டு. நான் போனது ரோல்ஸுக்குத்தான்.

முதல் தடவை பட்ட அவமானத்தைச் சொல்லிவிடுகிறேன். சாக்ஸபோன்காரர் ஊதி முடித்ததும் எல்லோரும் கைதட்டினார்கள், சரி பாட்டு முடிந்துவிட்டது என்று நான் ரோல்ஸ் மேசைப் பக்கம் எழுந்து நடந்தால் பியானோ தொடங்கிவிட்டது, அதுவும் அதே பாட்டு. ஒவ்வொருவருக்கும் ஒரு முறை உண்டாம், அவரவர் முறை முடிய முடியத் தட்ட வேண்டுமாம். நடு மண்டபத்தில் நின்றபடி நானும் தட்டினேன், வேறென்ன செய்ய. அப்புறம் பின்வரிசைப் பையன்கள் சேர்ந்து தாளம் போட்டோம், பஜனையில் போடுவதுபோல நாலு அடியில் ஒன்றிலும் மூன்றிலும். டிரம்ஸ்காரர் அடிப்பதை விடாமலேயே தலையை ஆட்டி, இரண்டிலும் நாலிலும் தட்டச் சொல்லி சைகை காட்டினார். வீட்டில் தட்டிப் பாருங்கள், கை தானாக முதல் அடிக்குத்தான் ஓடும்.

மூன்றாம் வருடம் நடந்ததைச் சொல்லத்தான் இவ்வளவும். கண் கிளினிக்குக்குக் கண்டி வந்த சித்தப்பா கடைசி பஸ்ஸை விட்டுவிட்டார். என் போர்டிங்கில் படுக்க வைக்கலாம் என்று கூட்டி வந்தேன், அன்றைக்குப் பார்த்துக் கச்சேரி. சித்தப்பா தேயிலைத் தோட்டத்தில் தப்பு, அதாவது பறை, அடிப்பவர். திருவிழா, சாவு, மாசியில் காமனை நட்டு ஆடுகிற காமன் கூத்து, எதற்கும் அவர்தான். துரைமார் காலத்தில் பெரட்டுக்கு, அதாவது காலையில் பேர் கூப்பிட்டு வேலைக்கு அனுப்புகிற இடத்துக்கு, ஆள் எழுப்பவும் தப்புதான் அடித்தார்கள், அது அவருடைய தாத்தா பார்த்த வேலை. இதையெல்லாம் கெம்பஸில் நான் ஒருவரிடமும் வாய் திறந்ததில்லை. ஏன் என்று நம்ம ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை.

நல்ல மழை. பாதியில் கரண்ட் போய்விட்டது. பேஸ் கிட்டாரும் கீபோர்டும் செத்துவிட, சாக்ஸபோனும் டிரம்ஸும் மட்டும் மெழுகுதிரி வெளிச்சத்தில் தொடர்ந்தன. டிரம்ஸ்காரர் குச்சியை வைத்துவிட்டு, மெல்லிய கம்பியில் செய்த குட்டி விளக்குமாறு மாதிரி இரண்டை எடுத்தார். இடக்கை தோல்மேல் வட்டமாகத் தேய்க்கிறது, வலக்கை இடையிடையே தட்டுகிறது, லயத்து வீட்டுத் தகரக் கூரையில் தூறல் விழுகிற சத்தம். சித்தப்பா என் காதில், "டேய், இந்தாளு அடிக்கிறாரா கூட்டுறாரா?"

பிறகு சாக்ஸபோன்காரரும் டிரம்ஸ்காரரும் நாலு நாலு ஆவர்த்தனமாக மாற்றிப் போட்டார்கள், இவர் நாலு ஊத அவர் நாலு அடிக்க. நான் எண்ணி எண்ணி மூன்றாவதிலேயே வழி தவறிவிட்டேன். சித்தப்பா எண்ணவேயில்லை, விரல் மட்டும் முழங்காலில் ஓடியது, டிரம்ஸ்காரர் எங்கெங்கோ சுற்றிவிட்டு முதல் அடிக்குத் திரும்புகிற ஒவ்வொரு தடவையும் "வந்துட்டான்" என்றார். அவர் "வந்துட்டான்" சொல்கிற அதே இடத்தில் சாக்ஸபோன் ஏறியது. ஒரு தடவையும் பிசகவில்லை.

முடிந்ததும் நேராகப் போய் ஸ்னேர் டிரம்மைத் தடவிப் பார்த்து, என்ன தோல் என்று சிங்களத்தில் கேட்டார் (அவருடைய சிங்களம் என்னுடையதை விட நல்லது). பிளாஸ்டிக், ஐம்பதுகளின் கடைசிவரை கன்றுக்குட்டித் தோல்தான் போட்டார்கள் என்றார் டிரம்ஸ்காரர். "அப்ப மழைக்கு எளகாதே!" என்று சித்தப்பா என் பக்கம் திரும்பினார். நாம் நெருப்பு மூட்டித் தோலைக் காய்ச்சிக் காய்ச்சி அடிக்க வேண்டியிருக்கிறதே, அந்தப் பொறாமை. பக்கத்தில் சாக்ஸபோன்காரர் அடுத்த பாட்டைச் சும்மா ஊதிப் பார்க்க மூங்கில் சீவல் மாதிரி ஒன்றை வாயில் வைத்து ஊற வைத்துக்கொண்டிருந்தார், நனையாவிட்டால் அது பேசாதாம். "பாத்தியா, அவரு நனைக்கிறாரு, நாம காய்ச்சுறோம்."

டிரம்ஸ்காரர் கேட்டுக்கொண்டதால் சித்தப்பா விரலாலேயே ஒரு அடி அடித்துக் காட்டினார். திரும்ப அடிக்கச் சொன்னார்கள். யாருடா இது என்று கூட்டாளி கேட்டான். என் சித்தப்பா, தப்படிப்பார் என்றேன்.

—

பண்டாரவளை டீச்சர்:

தம்பி, நான் நேரில் ஒன்றும் பார்த்ததில்லை, ஆனால் பெரியம்மாவின் பேத்தி அமெரிக்காவில் டெக்ஸஸ் மாநிலத்து டென்டனில் இருக்கிறாள், அங்கே நடக்கிற கச்சேரியை அவள் போனில் பிடித்துக் காட்டப் பார்த்திருக்கிறேன். ஜாஸுக்குப் பட்டப்படிப்பு என்று ஒன்றை முதலில் தொடங்கிய பல்கலைக்கழகம் அங்கேதான், 1947 இல். மாணவர் பேண்டுகளுக்குப் பெயரே ஒத்திகை நேரம்தான், ஒரு மணி பேண்ட், இரண்டு மணி பேண்ட் என்று. இருப்பதில் முதல் தரம் ஒரு மணி பேண்ட்தான். அங்கே கோடை நேரக் கணக்கில் இரவு ஏழரை என்றால் இங்கே விடிகாலை ஆறு. பிள்ளைகளுக்கு ரொட்டி சுட்டுக்கொண்டே கேட்பேன். பத்தொன்பது இருபது பேர் ஒன்றாக ஊதும்போது அடுப்படியில் நின்றாலும் உடம்பு சிலிர்க்கும். வாட்ஸப் அறுந்து அறுந்துதான் வரும், அது வேறு கதை.

—

மாத்தளை பென்ஷன்காரர்:

ஜாஸ் இந்த நாட்டுக்குப் புதிதில்லை மக்களே. 1958 இல் ஜாஸ் பியானோக்காரர் டேவ் புரூபெக்கின் குழுவை அமெரிக்க அரசு அனுப்பியது, போலந்து, துருக்கி, இந்தியா என்று சுற்றி இலங்கைக்கும் வந்தார்கள். 1963 இல் இன்னொரு பெரிய அமெரிக்க ஜாஸ்காரர் டியூக் எலிங்டனும் வந்தார். துருக்கித் தெருவில் ஒன்பது அடித் தாளம் ஒன்றைக் கேட்டு அதை வைத்தே புரூபெக் ஒரு உருப்படி செய்தார், இரண்டு இரண்டு இரண்டு மூன்று என்று போகும். அது வந்த 1959 இசைத்தட்டில்தான் டேக் ஃபைவ் என்ற ஐந்து அடி உருப்படியும், அது அந்தக் குழுவின் சாக்ஸபோன்காரர் பால் டெஸ்மண்ட் எழுதியது. அஞ்சடிக்கு வெள்ளைக்காரர்கள் வாய்பிளந்தார்கள். நாம் ஐந்துக்குக் கண்டம், ஒன்பதுக்குச் சங்கீர்ணம் என்று பெயர் வைத்து எத்தனை காலம். ஆனாலும் புசல்லாவைத் தம்பி, இரண்டிலும் நாலிலும் தட்ட எனக்கும் இன்றுவரை வராது.

—

கொட்டகலை ராத்திரி:

எல்லோரும் இனிக்க இனிக்க எழுதுகிறீர்கள். நானும் ஒரு கெம்பஸில் இப்படி ஒன்றுக்குப் போனேன், எந்த கெம்பஸ் என்று வேண்டாம். அறிவிப்பு முழுக்க இங்கிலீஷ். முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்த பார்வையில், சரி இது நமக்கு வைத்ததில்லை என்று இடைவேளையோடு எழுந்து வந்துவிட்டேன். பாட்டில் குறை சொல்லவில்லை.

—

புசல்லாவைக்காரன்:

கொட்டகலை, அந்தப் பார்வை எனக்கும் கிடைத்தது. கரண்ட் போகாமல் இருந்திருந்தால் சித்தப்பாவை நான் முன்னால் போகவே விட்டிருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

டீச்சர் அக்கா, சித்தப்பா திரும்ப வந்து அடித்தாரா என்று இன்பாக்ஸில் கேட்டதற்கு இங்கேயே பதில். அடுத்த கச்சேரிக்குத் தப்போடு வரச் சொல்லி டிரம்ஸ்காரர் அன்றைக்கே நம்பர் வாங்கினார், பிறகு போனிலும் கூப்பிட்டார். சித்தப்பா தேதியைக் கேட்டுவிட்டு, "மாசியிலயா? அப்ப ஏலாது, காமன் நட்டுருவாங்க" என்று வைத்துவிட்டார்.