புதுப்பிப்பு: அப்பாவின் நடுக்கமும் எண்ணெய் தேய்ப்பும்

அப்பாவின் பார்க்கின்சன் நோய்க்கு ஆயுர்வேதமும் சேர்க்கலாமா என்று 3 மாதத்துக்கு முன் கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

உப்புவெளியில் ஒரு வைத்தியர் கிழமைக்கு 2 நாள் எண்ணெய் தேய்த்து ஒத்தடம் கொடுக்கிறார். நடுக்கம் குறையவில்லை. ஆனால் தோள் இறுக்கம் தளர்ந்திருக்கிறது; நேற்று சேர்ட்டின் கழுத்துப் பொத்தானை அப்பாவே போட்டார். அம்மா கதவடியில் அசையாமல் நின்று பார்த்தா.

பூனைக்காலி விதைப் பொடியைப் பலர் சொன்னீர்கள். அந்த விதையில் இருப்பது லெவோடோபா, அப்பாவின் குளிசையில் உள்ள அதே மருந்து. இரண்டும் சேர்ந்தால் அளவு கூடி குமட்டல், தலைச்சுற்று, கட்டுப்பாடில்லாத அசைவுகள் வரலாம். கிளினிக் டொக்டரிடம் கேட்டேன், வேண்டாம் என்றார். சரி, விட்டுவிட்டோம். குளிசை ஒரு வேளையும் தவறவில்லை.

மலச்சிக்கல்தான் இன்னும் பாடாய்ப் படுத்துகிறது. அடுத்த கிளினிக்கில் அதைக் கேட்டு எழுதுகிறேன்.