சிஎன்ஜி காரில் கேஸ் வாடை, எங்கே பார்ப்பது?

வடசென்னை_ஓட்டுநர்:
கார் வாங்கிய பிறகு வெளிக் கடையில் சிஎன்ஜி கிட் மாட்டினேன், நாலு வருஷம் ஆகிறது. இரண்டு நாளாக டிக்கியைத் திறந்தால் லேசாக வாடை. மெக்கானிக் தம்பி ஒருவர் ஸ்பானரை எடுத்து நட்டை இறுக்கிவிடலாம் என்கிறார். செய்யலாமா?

பழைய_ஃபிட்டர்:
வேண்டாம் அண்ணா, தொடவிடாதீங்க. உள்ளே 200 பார் வரை அழுத்தம் இருக்கும், அழுத்தத்தோடு நட்டைத் திருகினால் ட்யூப் பிடுங்கிக்கொண்டு அடிக்கும். முதலில் வண்டியை வெட்டவெளியில் நிறுத்தி, டிக்கியைத் திறந்துவைத்து, சிலிண்டர் வால்வைக் கையால் மூடுங்கள். பிறகு சிஎன்ஜி கிட் தெரிந்தவரை அங்கேயே வரவழையுங்கள், இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பார்ப்பார். கசியும் இடத்தில் குமிழி பொடிப்பொடியாக வளர்ந்துகொண்டே இருக்கும். லைனில் உள்ள கேஸை வெளியேற்றிவிட்டுத்தான் நட்டில் கை வைக்க வேண்டும். மூடிய ஷெட் கூடவே கூடாது, இந்த கேஸ் காற்றைவிட லேசானது, கூரையடியில் போய்த் தங்கும், நம் ட்யூப்லைட் இருப்பதும் அங்கேதான்.

மாதவரம்_ஆட்டோ:
நாலு வருஷம் என்றால் ஹைட்ரோ டெஸ்ட் (சிலிண்டரில் தண்ணீரை அழுத்தி ஏற்றி, தாங்குகிறதா என்று பார்ப்பது) செய்தீர்களா? 3 வருஷத்துக்கு ஒருமுறை கட்டாயம், பெசோ (மத்திய அரசின் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு) அனுமதி பெற்ற இடத்தில்தான். சிலிண்டர் கழுத்தில் தேதி குத்தியிருக்கும், பாருங்கள்.

வடசென்னை_ஓட்டுநர்:
வால்வை மூடிவிட்டேன், வாடை இல்லை. தேதி தாண்டி எட்டு மாதம். நாளைக்குப் பெட்ரோலிலேயே ஓட்டிப் போய்க் கொடுக்கிறேன்.