ரெண்டு டம்ளர் மண்ணு

பெரியப்பா: (பலமுறை பகிரப்பட்டது) ஏரி பூரா மீன் செத்து மிதக்குது!! ராத்திரியில யாரோ விஷம் கலந்துட்டாங்களாம். எல்லாருக்கும் அனுப்புங்க 🙏

அக்கா: பெரியப்பா, வீடியோல தண்ணி நிறத்தப் பாத்தீங்களா? பச்சை பெயிண்ட் மாதிரி இருக்கு. எனக்கு முதல் சந்தேகம் பாசி மேலதான்.

சித்தி: பாசி ஆக்சிஜன் விடும்னுதானே படிச்சோம்?

அக்கா: பகல்ல விடும் சித்தி. ராத்திரி அதுவும் சுவாசிக்கணும்ல? செத்த பாசியை மட்க வைக்கிற பாக்டீரியாவும் சேர்ந்து ஆக்சிஜனை இழுத்துக்கும். அதான் விடியக்காலையில மீன் மேல வந்து வாயைப் பொளந்துட்டு நிக்கும்.

நான்: அவ்வளவு பாசி எப்படி வந்துச்சு?

அக்கா: பாஸ்பரஸ். உரத்துல இருக்கிற சத்து அது, பாசிக்கும் அதுதான் தீனி. மண் துகள்ல ஒட்டிக்கும், மேட்டு நிலத்து மண்ணு கரைஞ்சு வந்தா கூடவே வரும். 1973ல கனடாவுல ஒரு ஏரியை நடுவுல திரை போட்டு ரெண்டாப் பிரிச்சாங்க. 226ங்கற நம்பர்தான் அதுக்குப் பேரே. ரெண்டு பக்கமும் கார்பன், நைட்ரஜன். ஒரு பக்கம் மட்டும் பாஸ்பரஸும். அந்தப் பாதிதான் பச்சையாச்சு.

மாமா: சுத்தி வளைச்சு உரம் போடுறவன் தலையில கட்டிட்ட. நல்லது.

அக்கா: ஐயோ மாமா 😅 சாக்கடையிலயும் பாஸ்பரஸ் இருக்கு. சிமெண்ட் போட்டு மூடுன இடத்துல மழைத்தண்ணி இறங்க வழியில்லாம ஒரேயடியா ஓடி ஓடைக்கரையை அரிக்குது. ஆனா உழுதுக்கிட்டே இருக்கிற மண்ணும் சீக்கிரம் கரையும்.

மாமா: மண்ணு மண்ணுதான். உழுதா மாறிடுமா?

அக்கா: ரெண்டு டம்ளர்ல தண்ணி எடுங்க. உழவு நிலத்துல ஒரு காஞ்ச கட்டி, வேலியோரம் புல்லுக்கு அடியில ஒண்ணு. மெதுவா போடுங்க, கலக்காதீங்க.

தாத்தா: விஷம் வச்சவனைப் பிடிச்சாச்சா?

மாமா: 📷 📷

மாமா: உழவு மண்ணு போட்டதும் பொலபொலன்னு உதிர்ந்துடுச்சு. டம்ளர் அடியே தெரியல. வேலி மண்ணு அப்படியே உக்காந்திருக்கு. ரெண்டுக்கும் நடுவுல இருபதடி கூட இல்லியே!

அக்கா: வேலி மண்ணுக்குள்ள வேரும் பூஞ்சை இழையும் துகளைக் கட்டி வச்சிருக்கு. உழ உழ அந்த இழை அறுந்துடும். அந்தக் கலங்கல் தண்ணி ஓடைக்குப் போனா கூழாங்கல் இடுக்கெல்லாம் அடைஞ்சிடும். சில மீன் முட்டை போடுற இடமே அதுதான்.

சித்தி: உரத்தை நிறுத்திட்டா ஏரி தெளிஞ்சிடுமா?

அக்கா: உடனே தெளியாது. அடியில படிஞ்ச சேறு, ஆக்சிஜன் இல்லாதப்ப பழைய பாஸ்பரஸைத் திரும்ப விட்டுக்கிட்டே இருக்கும். வருஷக்கணக்கா இழுக்கும்.

மாமா: ஓடையோரம் கொஞ்சம் உழாம புல்லு விட்டா?

அக்கா: வர்ற மண்ணுல நிறைய அங்கயே நின்னுடும் மாமா. தண்ணி பரவலா வரணும், அவ்வளவுதான். ஒரே பள்ளமா அறுத்துட்டு வந்தா புல்லைத் தாண்டிப் போயிடும்.

மாமா: மேக்கால மூலையில அப்படி ஒரு பள்ளம் இருக்கு. காலையில பாக்கறேன்.

பெரியப்பா: நான் அனுப்பினதை அழிச்சிடவா?

மாமா: 📷 மணி பத்தாச்சு. வேலி மண்ணு இன்னும் கரையல.