எஃப்2ஏ மனு: மகளுக்குத் தனி ஐ-130 எப்போது போடுவது?

வணக்கம். அமெரிக்காவில் நியூ ஜெர்சியில் கிரீன் கார்டில் இருக்கிறேன். மனைவியும் 3 வயது மகளும் மதுரையில். எஃப்2ஏ பிரிவில் (கிரீன் கார்டுக்காரரின் மனைவி அல்லது கணவன், சிறு பிள்ளைகளுக்கானது) மனைவிக்குப் போட்ட ஐ-130 (உறவினரை அழைத்துக்கொள்ளப் போடும் மனு) அப்ரூவ் ஆகிவிட்டது. மகளும் அதே மனுவில்தான். முன்னுரிமைத் தேதி (விசா வரிசையில் எங்கள் இடம்) 2024 அக்டோபர். விசா புல்லட்டின் (எந்தத் தேதிவரை வரிசை நகர்ந்திருக்கிறது என்ற மாதாந்திர அறிவிப்பு) இன்னும் அதைத் தொடவில்லை.

சுற்றுலா விசா கேட்டோம், 214(பி), அதாவது அங்கேயே தங்கிவிட மாட்டோம் என்று நிரூபிக்கவில்லை என்று மறுத்துவிட்டார்கள் (குடியேற்ற மனு போட்டவர்களுக்கு வேறென்ன சொல்வார்கள்!). அவசரப் பரிசீலனை கேட்டேன். தேதி வராமல் எதுவும் செய்ய முடியாதாம். தொகுதி காங்கிரஸ் உறுப்பினர் அலுவலகம் மூலம் கேட்டாலும் அதே பதில்தான்.

இப்போது குடியுரிமைக்கு என்-400 விண்ணப்பம் போட்டிருக்கிறேன். கிடைத்துவிட்டால் மனைவிக்கு வரிசையே இல்லை. ஆனால் அப்போது மகள் மனைவியின் மனுவில் ஒட்டிக்கொண்டு வர முடியாது, தனி ஐ-130 வேண்டும்.

இதே வழியில் குடும்பத்தை அழைத்து வந்தவர்கள் சொல்லுங்கள்: மகளின் மனுவை இப்போதே போட்டுவிடலாமா, இல்லை குடியுரிமை உறுதிமொழி எடுத்த பிறகுதான் போட வேண்டுமா?