லிண்டா ரான்ஸ்டாட் பாட்டு உங்களுக்கு எப்படி வந்து சேர்ந்தது?

சேலத்துக்காரன்:
2023 ஜனவரியில் ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ்’ தொடரின் மூன்றாவது எபிசோட் வந்ததும், ஆபீஸில் எல்லார் வாயிலும் ‘லாங் லாங் டைம்’ பாட்டுதான். 1970-ல் அமெரிக்கப் பாடகி லிண்டா ரான்ஸ்டாட் பாடியது. அன்றைக்கே அவருடைய மற்ற பாட்டுகளைத் தேடப் போனேன். கன்ட்ரி ராக், அதாவது அமெரிக்கக் கிராமியப் பாட்டும் ராக்கும் கலந்த இசை, பாடும் பாடகி என்று போட்டிருந்தார்கள். தோண்டத் தோண்ட மேடைப் பாட்டு நாடகமான ஆபரெட்டா, பழைய ஜாஸ், மெக்சிகோவின் நாட்டுப்புற இசையான மரியாச்சி என்று வந்துகொண்டே இருக்கிறது. ஒரே ஆள் எப்படி இத்தனையும்? கேட்டவர்கள், நேரில் பார்த்தவர்கள் எழுதுங்களேன்.

டூசான்வாசி:
நான் அரிசோனாவில், அவர் பிறந்த ஊரான டூசானில் இருக்கிறேன். 2022-லிருந்து இங்குள்ள மியூசிக் ஹாலுக்கே அவர் பெயர்தான். தாத்தா மெக்சிகோவின் சொனோராவிலிருந்து வந்தவர். குடும்பத்துக்கு ஊருக்குள் பெரிய ஹார்டுவேர் கடை இருந்தது. அப்பா கடையைப் பார்த்துக்கொண்டே வீட்டில் ஸ்பானிஷ் பாட்டு பாடுவாராம். அதைத்தான் 1987-ல் ‘கான்சியோனெஸ் தே மி பாத்ரே’ (என் அப்பாவின் பாட்டுகள்) என்று மரியாச்சி குழுவோடு ஆல்பமாகப் போட்டார். அமெரிக்காவில் மட்டும் 20 லட்சத்துக்கு மேல் விற்றது.

கூட வேலை செய்யும் ஒருவர் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தேன். சாப்பாடு நடக்கும்போது யாரோ அந்த ஆல்பத்தைப் போட்டார்கள். அவ்வளவுதான், அதுவரை மூட்டுவலியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த பாட்டிமார் நாலைந்து பேர் தட்டை மேஜையில் வைத்துவிட்டுக் கூடவே பாட ஆரம்பித்தார்கள், ஒரு வரி விடாமல். “இவர் ராக் பாடகி இல்லையா?” என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டேன். “அது அப்புறம் வந்தது” என்றார்.

அதனால் ‘எத்தனை அவதாரம்’ என்று வியக்க எனக்குத் தோன்றுவதில்லை. பத்து வயதுக்குள் வீட்டில் காதில் விழுந்ததைத்தான் பாடினேன் என்ற பொருளில் அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

ஐந்தரைக் கட்டை:
எங்கள் மெல்லிசைக் குழுவில் ஒருமுறை ‘ப்ளூ பாயூ’ எடுத்தோம். ராய் ஆர்பிசன் பாட்டுதான், ஆனால் 1977-ல் இவர் பாடியதுதான் அமெரிக்கப் பட்டியலில் மூன்றாம் இடம் வரை போனது. கேட்க சாதுவாக இருக்கும். பாடினால்தான் தெரியும். தொடக்க வரிகள் கீழே, பேச்சுக் குரலை ஒட்டி. பல்லவி வந்ததும் ஒரே தாவு. கடைசி வார்த்தையில் பொய்க்குரலுக்கு ஏறி அங்கேயே நிற்க வேண்டும். எங்கள் பாடகிக்கு மேலே எட்டவில்லை என்று அரைக் கட்டை இறக்கினோம், தொடக்க வரி காணாமல் போனது. ஏற்றினால் முடிவில் கத்தல். கீபோர்டுக்காரர் அலுத்துப்போய் வேறு பாட்டைச் சொல்லிவிட்டார்.

விடாக்கண்டன்:
எல்லாம் சரி. சொந்தமாக எழுதியது எத்தனை? ஆர்பிசன், பட்டி ஹாலி, எவர்லி பிரதர்ஸ் எல்லாம் அடுத்தவர் பாட்டுதானே?

சேலத்துக்காரன்:
எஸ். ஜானகியிடம் யாராவது இப்படிக் கேட்டோமா?

ஐந்தரைக் கட்டை:
விடாக்கண்டருக்கு: 1974 ஆல்பம் ‘ஹார்ட் லைக் எ வீல்’ கேட்டுவிட்டு வாருங்கள். அதிலிருந்து வந்த சிங்கிளின் (பக்கத்துக்கு ஒரு பாட்டு இருக்கும் சின்ன இசைத்தட்டு) ஒரு பக்கம் ‘யூ ஆர் நோ குட்’, 1975-ல் பாப் பட்டியலில் முதலிடம். பின்பக்கம் ஹாங்க் வில்லியம்ஸின் பழைய பாட்டு, கன்ட்ரி பட்டியலில் இரண்டாம் இடம். அதற்குத்தான் கன்ட்ரி பாடகிக்கான கிராமி கிடைத்தது. எழுதாவிட்டால் என்ன, எதைப் பாடுவது என்று தெரிந்திருந்ததே. ஆளைத் தேர்ந்தெடுப்பதிலும் அப்படித்தான். 1971-ல் பின்னணிக்கு வைத்திருந்த க்ளென் ஃப்ரை, டான் ஹென்லி இருவரும்தான் அந்த வருடமே பிரபல ராக் குழுவான ஈகிள்ஸைத் தொடங்கினார்கள்.

டூசான்வாசி:
நேரில் பார்த்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். 2009-ல் கடைசிக் கச்சேரி. 2013-ல் பார்கின்சன் என்று அறிவித்தார். பிறகுதான் அது பிஎஸ்பி என்ற வேறொரு நரம்பு நோய் என்று தெரிந்தது. அறிவிப்பதற்குப் பல வருடம் முன்பே குரல் ஒத்துழைக்கவில்லையாம்.

சேலத்துக்காரன்:
ஜாஸ் பக்கம் எதில் தொடங்குவது?

ஐந்தரைக் கட்டை:
நெல்சன் ரிடில் ஆர்கெஸ்ட்ராவோடு பாடிய ‘வாட்ஸ் நியூ’, 1983. இது போணியாகாது என்று கூட இருந்தவர்களே தடுத்தார்கள். அமெரிக்காவில் 30 லட்சம் விற்றது. ஆனால் டோலி பார்ட்டன், எமிலூ ஹாரிஸோடு பாடிய ‘ட்ரியோ’வைக் கேட்டுவிட்டு அதற்குப் போங்கள். ஹெட்போன் போட்டுத்தான் கேட்க வேண்டும். மூன்று குரலில் இவர் குரல் எது என்று தனியாகப் பிரித்துச் சொல்லுங்கள் பார்ப்போம்.